அம்மை கண்டவர் எவரும் பிள்ளையே: ‘குழந்தை நோய்’ என்னும் சொல்லாட்சியும் காவிரிப் படுகை வழக்கும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகிய தொற்றுநோய்களைக் ‘குழந்தை நோய்’ எனச் சுட்டுவது இன்றைய தமிழ் நலவாழ்வு எழுத்தில் பரவலான வழக்கு. இச்சொல்லாட்சி மேலைநாட்டு மருத்துவ நூல்வழி வந்த வகைப்பாடாகும். அம்மை கண்டவரைத் தமிழ் மரபும் பிள்ளையாகவே கருதுகிறது; ஆனால் அங்குப் பிள்ளைமை வயதைக் குறிப்பதன்று, தாயாகிய தெய்வத்தோடு கொண்ட உறவைக் குறிப்பது. திருக்காட்டுப்பள்ளியை உள்ளிட்ட காவிரிப் படுகையின் நோய்ப்பெயர்கள், மாரியம்மன் வழிபாட்டு நடைமுறைகள், ‘மாரியம்மன் தாலாட்டு’, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வளர்ந்தோருக்கு அம்மை வரும்போது இரண்டும் எங்கெங்குப் பயன்படுகின்றன, எங்கெங்குத் தவறுகின்றன என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அம்மை, சின்னம்மை, அக்கி, நோய்ப்பெயர், மாரியம்மன் தாலாட்டு, என் சரித்திரம், திருக்காட்டுப்பள்ளி.

முன்னுரை

தஞ்சை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடத்தை ஒட்டி அமைந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. தேவாரப் பாடல் பெற்ற இத்தலத்து இறைவனுக்கு அக்னீஸ்வரர், தீயாடியப்பர் என்பன திருப்பெயர்கள். தீக்கடவுள் இங்கு நீராடி வழிபட்டுத் தன் குறை நீங்கப் பெற்றான் என்பது தலவரலாறு. இவ்வூருக்கு வடமேற்கே கொள்ளிடத்திற்கு அப்பால் சமயபுரமும், கிழக்கே தஞ்சையை அடுத்துப் புன்னைநல்லூரும் உள்ளன. தமிழகத்தின் பெரும் மாரியம்மன் தலங்களான இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெல்வயல் நாட்டில் ‘அம்மை’ என்னும் சொல் நோயையும் தெய்வத்தையும் தாயையும் ஒருங்கே குறிக்கிறது.

இவ்வட்டாரத்தில் முப்பது அல்லது நாற்பது வயதுடைய ஒருவருக்குச் சின்னம்மை கண்டால் இருவகைப் பேச்சு எழுவதைக் கேட்கலாம். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பது ஒன்று, ‘இந்த வயதிலா?’ என்பது மற்றொன்று. முதற்கூற்றில் வயதுக்கு இடமில்லை. இரண்டாம் கூற்றோ வயதையே வியப்பிற்குரிய பொருளாக்குகிறது. ஒரே வீட்டில் அடுத்தடுத்து எழும் இவ்விரு கூற்றுகளும் இருவேறு அறிவு மரபுகளிலிருந்து வருபவை. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நோய்ப்பெயர் பற்றிய ஆய்வு வெறும் சொல்லாய்வாக நின்றுவிடுவதில்லை. ஒரு நோயை எவருடைய நோயாகக் கருதுகிறோம் என்பது, அது வந்தவர் எப்போது மருத்துவரை நாடுகிறார் என்பதையும் உறுதிசெய்கிறது. வளர்ந்தோரைப் பொறுத்தவரை இக்காலத்தாழ்வு உயிரோடு தொடர்புடையது.

‘குழந்தை நோய்’ என்னும் வகைப்பாடு

ஒரு தொற்றுநோய் எப்போது குழந்தைகளின் நோயாகிறது? மக்கள் நெருங்கி வாழும் ஓரிடத்தில் நோய் இடைவிடாது நிலவினால், பிறக்கும் ஒவ்வொருவரும் இளமையிலேயே அதனை எதிர்கொள்வர். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் மறுமுறை வாராத நோயாயின், வளர்ந்தோர் அனைவரும் முன்பே நோயுற்று மீண்டவராக இருப்பர். எஞ்சியிருப்போர் குழந்தைகள் மட்டுமே. ஆகவே ‘குழந்தை நோய்’ என்பது நோயின் இயல்பைக் கூறும் பெயரன்று. ஒரு சமுதாயத்தில் அந்நோய் எத்துணை அடிக்கடி வந்துபோகிறது என்னும் கணக்கைக் கூறும் பெயராகும்.

இதற்கு 1846-ஆம் ஆண்டில் ஃபாரோ தீவுகளில் நிகழ்ந்தது தெளிவான சான்று. வட அட்லாண்டிக் கடலிலுள்ள அத்தீவுகளுக்கு 1781-க்குப் பின் 65 ஆண்டுகளாகத் தட்டம்மை வரவில்லை. 1846-இல் அது மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் நோயுற்றனர். ஆய்வு செய்ய டென்மார்க் அரசால் அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும், நோயுற்றோரில் எல்லா வயதினரும் இருந்ததைக் கண்டார். 1781-இல் நோய் கண்டு மீண்ட முதியவர்களை மட்டும் அது தீண்டவில்லை. ஐரோப்பிய நகரங்களில் குழந்தைகளுக்கே உரியதாகத் தோன்றிய நோய், அங்கு உழவரையும் மீனவரையும் படுக்கையில் கிடத்தியது. நோய் மாறவில்லை, அது வந்து சென்ற இடைவெளி மாறியிருந்தது.

சின்னம்மையைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு தமிழகத்திற்கு நேரடியாகப் பொருந்துவது. தடுப்பூசி பரவுவதற்கு முன், குளிர்மிகு நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளரிளம் பருவம் கடப்பதற்குள் இந்நோயைக் கண்டுவிட்டனர். தென்னிந்தியா, இலங்கை உள்ளிட்ட வெப்பமண்டலப் பகுதிகளில் நிலைமை வேறு. இங்கு நோய் வரும் சராசரி வயது கூடுதலாக இருப்பதும், வளர்ந்தோரில் கணிசமானோர் நோய் எதிர்ப்பாற்றல் பெறாமலே இருப்பதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. வெப்பமும் ஈரப்பதமும் நுண்ணுயிரியின் பரவலைக் குறைக்கின்றன என்பர் சிலர். ஊர்ப்புறங்களில் மக்கள் பரவி வாழ்வதே காரணம் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவானது. வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூரில் வளர்ந்த இளைஞர் ஒருவர் அம்மை காணாமலே இருபது வயதை எட்டக்கூடும். படிப்பிற்காகவோ வேலைக்காகவோ நகர விடுதியில் பலரோடு தங்கும்போதுதான் அவர் முதன்முதலாக நோயை எதிர்கொள்கிறார்.

ஆகவே ‘குழந்தை நோய்’ என்னும் தொடர், குளிர்நாட்டு மக்கட்கணக்கை நோயின் இயல்பாக எண்ணி மொழிபெயர்த்ததன் விளைவு எனலாம். தட்டம்மைக்கு அது ஓரளவு பொருந்தும். சின்னம்மைக்கு இந்நிலத்தில் அது அரைகுறையாகவே பொருந்துகிறது. பெரியம்மையின் இறுதிக்காலம்கூட இதனை உணர்த்துகிறது. இந்தியாவில் கடைசியாகப் பதிவான பெரியம்மை நோயாளி, 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்ட, முப்பது வயதளவினரான ஒரு பெண். உலகில் இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராகப் பணிபுரிந்த அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் நோய் கண்டபோது அவருக்கு வயது 23. குழந்தைகளைப் பெருமளவில் வாட்டிய ஒரு நோய் வளர்ந்த ஒருவரிடமே முடிவுற்றது.

நோய்ப்பெயர்களில் வெளிப்படும் பார்வை

தமிழில் இந்நோய்களுக்கு வழங்கும் பெயர்களை நோக்கும்போது, அவற்றுள் வயதைச் சுட்டுவன அரிதாகவே உள்ளன. தட்டம்மை, மணல்வாரி என்பன தோலில் தோன்றும் தடிப்பின் வடிவால் அமைந்த பெயர்கள். மணலை வாரி இறைத்தாற்போன்ற தோற்றமே மணல்வாரி. பெரியம்மை, சின்னம்மை என்பன கடுமையை ஒட்டி அமைந்தவை. இலங்கைத் தமிழ் வழக்கில் தட்டம்மை சின்னமுத்து என்றும், சின்னம்மை கொப்புளிப்பான் என்றும் சுட்டப்படுகின்றன. ‘சின்ன’ என்னும் அடை ஈரிடத்தும் நோயின் அளவைக் குறிக்கிறதேயன்றி நோயாளியின் அளவைக் குறிக்கவில்லை.

பொன்னுக்குவீங்கி என்னும் பெயர் தனித்து நோக்கத்தக்கது. வீங்குதல் என்பதற்குப் பருத்தல் என்னும் பொருளோடு, கிடைக்காத ஒன்றிற்காக ஏங்குதல் என்னும் பேச்சுவழக்குப் பொருளும் உண்டு. தாடையின் வீக்கத்தைப் பொன்னுக்கான ஏக்கமாகக் கண்டு, கழுத்தில் பொற்சங்கிலி அணிவிக்கும் வழக்கம் இதனடியாகப் பிறந்தது. இப்பெயர் நோயாளியை ஆசை நிறைவேறாத பிள்ளையாகக் கற்பிக்கிறது. ஆனால் நோயுற்றவர் பருவமடைந்த ஆணாயின் கற்பனைக்கு அப்பாற்பட்ட ஓர் இடர் உண்டு. தடுப்பூசி பெறாத, பருவமடைந்த ஆண்களில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இந்நோய் விரையழற்சியை உண்டாக்கவல்லது. முழுமையான மலட்டுத்தன்மை அரிது எனினும், வலியும் அச்சமும் மிகுதி. பொற்சங்கிலி அணிந்த ஆடவரை நோக்கி எழும் நகைப்பு அவர் தம் துன்பத்தை மறைப்பதற்கும் இடமாகிறது.

இப்பெயர்கள் அனைத்திற்கும் மேலாக நிற்பது ‘அம்மை’ என்னும் பொதுப்பெயர். அம்மை என்றால் தாய். நோய்க்குத் தாய் எனப் பெயரிட்ட கணமே நோயாளி பிள்ளையாகிறார். அவர் ஐந்து வயதினராயினும் ஐம்பது வயதினராயினும் இவ்வுறவில் மாற்றமில்லை. கொப்புளங்கள் முத்துகள், அவை தோன்றுவது தாய் முத்துப் போடுவது, நோய் பரவுவது தாய் விளையாடுவது, தணிவது தாய் இறங்குவது. இச்சொற்கள் நோயுற்றவரின் செயலை ஒருபோதும் குறிப்பதில்லை. யாவும் தாயின் செயல்களே. நோயாளி ஏற்பவர் மட்டுமே. மேலை வகைப்பாடு குழந்தையை வயதால் காண்கிறது. தமிழ் வழக்கோ குழந்தையை உறவால் காண்கிறது. முன்னதில் அம்மை கண்ட பெரியவர் விதிவிலக்கு. பின்னதில் அவரும் விதிக்கு உட்பட்டவரே.

வழிபாட்டில் நோயாளியும் தெய்வமும்

இவ்வுறவு சொல்லளவில் நின்றுவிடாமல் சடங்காகவும் விரிகிறது. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறு முதல் பங்குனி மாதக் கடைசி ஞாயிறு வரை 28 நாள்கள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாள்களில் சமைத்த தளிகை இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு முதலியனவே படைக்கப்படுகின்றன. தாளித்ததும் பொரித்ததும் நீக்கி, குளிர்ச்சியானவற்றையே உட்கொள்ளும் அம்மை வீட்டு உணவு முறையோடு இது பெரிதும் ஒத்துள்ளது. நோயைத் தருபவளாகக் கருதப்படும் தெய்வமே நோயாளியின் பத்தியத்தை மேற்கொள்கிறாள். புன்னைநல்லூரில் மூலவர் புற்றுமண்ணால் அமைந்தவர். ஆகவே நீராட்டு இல்லை, தைலக்காப்பே உண்டு. கோடையில் அம்மன் திருமுகத்தில் வியர்வை முத்து முத்தாக அரும்பும் என்பது அங்கு வழங்கும் நம்பிக்கை. முத்துகளை வழங்குபவளின் முகத்திலேயே முத்துகள் காணப்படுகின்றன.

தஞ்சை மராட்டிய மன்னர் முதலாம் துளஜாவின் (ஆட்சி 1728–1736) மகள் நோயால் கண்பார்வை இழந்து, புன்னைநல்லூர் அம்மனை வழிபட்டு மீண்டும் பெற்றாள் என்கிறது தலவரலாறு. பெரியம்மையால் கண்ணொளி இழந்தோர் பலர் வாழ்ந்த காலத்தில் இவ்வரலாறு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. அரசன் மகளும் அம்மனுக்கு மகளே என்னும் கருத்தும் இதனுள் அடங்கியுள்ளது.

‘மாரியம்மன் தாலாட்டு’ இவ்வுறவின் இலக்கிய வடிவம். பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் கோயில் வாயில்களிலும் விற்கப்பட்டு வீடுதோறும் பயிலப்பட்ட நூல் இது. தாலாட்டு என்பது பொதுவாகத் தாய் பிள்ளைக்குப் பாடுவது. இங்குப் பிள்ளைகள் தாய்க்குப் பாடுகின்றனர். பாட்டுடைத் தலைவி உறங்கவேண்டிய குழந்தையாகவும், முத்துகளை இறக்கவேண்டிய தாயாகவும் ஒரே வேளையில் விளங்குகிறாள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மேலாக, அவர் செவியிற் படும்படி இப்பாடல் பாடப்படுகிறது. சீற்றத்தை அடக்கக் கட்டளையிடாமல் உறங்கவைக்க முயல்வது தாலாட்டின் உத்தி. காய்ச்சலால் உறக்கமிழந்த நோயாளிக்கும் அதே ஓசை உறக்கத்தைத் தருகிறது. நோயுற்றவர் சிறுவராயினும் முதியவராயினும் பாடல் மாறுவதில்லை. வளர்ந்த ஒருவர் தாலாட்டுக் கேட்டுப் படுத்திருப்பது வேறெந்தச் சூழலிலும் நகைப்பிற்குரியதாகலாம். அம்மை வீட்டில் அது இயல்பானது. துணையை ஏற்க நாணும் பெரியவருக்கு, துணையை ஏற்பதற்கான ஒழுங்கை இச்சடங்கு வழங்குகிறது. இதுவே உறவுவழிப் பார்வையின் பெரும் வலிமை.

‘என் சரித்திரம்’ காட்டும் இளைஞர்

காவிரிப் படுகையில் அம்மை கண்ட வளர்ந்த ஒருவரின் அனுபவம் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1855-இல் பிறந்த அவர், 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து பயின்ற அக்காலத்தில், மணமாகியிருந்த அவ்விளைஞருக்கு அம்மை கண்டது. அவர் குருகுலத்தை விட்டுத் தாய்வழி உறவினர் வாழ்ந்த சூரியமூலைக்குச் செல்ல நேர்ந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த ‘என் சரித்திர’த்தில், இந்நிகழ்ச்சியைக் கூறும் பகுதிக்கு ‘அம்மை வடு’ என்று தலைப்பிட்டுள்ளார்.

இத்தலைப்பு கருதத்தக்கது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதுகையில் அவர் நோயைத் தலைப்பாக்கவில்லை. நோய் விட்டுச்சென்ற அடையாளத்தையே தலைப்பாக்கினார். குழந்தைப் பருவத்தில் அம்மை கண்டவருக்கு வடு உண்டு. வடு வந்த நாளின் நினைவு பெரும்பாலும் இல்லை. அது பிறர் சொல்லக் கேட்ட செய்தியாக இருக்கும். வளர்ந்தபின் அம்மை கண்டவருக்கோ நினைவும் வடுவும் ஒருங்கே அமைகின்றன. நோய்க்கு முன் தன் முகம் எவ்வாறிருந்தது என்பதை அவர் அறிவார். இளமையில் வரும் நோய்க்கும் வளர்ந்தபின் வரும் நோய்க்கும் இடையே அனுபவ நிலையிலுள்ள வேறுபாடு இதுவேயாகும்.

இந்த வயதில் இந்நோயா என்னும் வியப்பு அப்பகுதியின் மையமாக அமையவில்லை. பாடம் தடைப்பட்டதும் ஆசிரியரைப் பிரிந்ததுமே அதன் துயர்கள். வீட்டை விட்டுத் தமிழைத் தேடிச் சென்று, ஆசிரியரிடம் பிள்ளைபோல் அன்பு பெற்ற மாணவர் அவர். அம்மை வந்தபோது அவர் திரும்பவேண்டியிருந்தது தாயின் ஊருக்கே. குருகுலம் தந்த உறவு எத்துணை ஆழமானதாயினும், அம்மை கேட்கும் பணிவிடையை அது தர இயலவில்லை. பலர் கூடி உண்ணும் இடத்தில் தொற்றுநோயாளிக்கு இடமில்லை என்பது ஒரு காரணமாகலாம். அம்மை கண்டவர் பிள்ளையாகித் தாயிடம் சேரவேண்டும் என்னும் வழக்கின் வலிமை மற்றொரு காரணமாகலாம். இன்று நகர விடுதியிலிருந்து அம்மையோடு பேருந்தில் ஊர் திரும்பும் மாணவரும் தொழிலாளரும் இப்பழைய வழியிலேயே நடக்கின்றனர். ஆனால் அப்பயணத்திலேயே நோய் பலருக்குப் பரவக்கூடும் என்பதும் மறுக்கவியலாதது.

அக்கி: திரும்பி வரும் அம்மை

வளர்ந்தபின் அம்மை காண்பதற்கு மற்றொரு முகமும் உண்டு. இளமையில் சின்னம்மை கண்டு தேறியவர் உடலில் அந்நுண்ணுயிரி முற்றிலும் அழிவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த காலத்திலோ ஒரு நரம்பின் வழியே கொப்புளங்களாக வெளிப்படுகிறது. இதுவே தமிழில் அக்கி எனப்படுவது. இரண்டிற்கும் ஒரே நுண்ணுயிரியே காரணம் என்பதை 1950-களில் தாமஸ் வெல்லரின் ஆய்வுகள் நிறுவின. இங்கிலாந்தின் ஊர்ப்புற மருத்துவரான எட்கர் ஹோப்-சிம்சன், உறங்கிக் கிடந்த நுண்ணுயிரியின் மீளெழுச்சியே அக்கி என்னும் விளக்கத்தை 1965-இல் முன்வைத்தார்.

தமிழ் மரபு இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே கொண்டது. அம்மைக்கு வேப்பிலையும் மாரியம்மனும். அக்கிக்குக் குயவரும் செங்காவியும். செங்காவியைக் குழைத்து நோயுற்ற இடத்தில் சிங்கம் போன்ற உருவங்களை வரைவது ‘அக்கி எழுதுதல்’ எனப்படும். நெருப்பில் மண்ணைச் சுடுபவர் நெருப்புப்போல் எரியும் நோயைத் தணிக்கிறார் என்னும் பொருத்தம் இதில் உண்டு. அக்கி என்னும் சொல் அக்கினியை நினைவூட்டுவது. தீக்கடவுள் நீராடித் தணிந்த திருக்காட்டுப்பள்ளித் தலவரலாற்றோடு இதனை ஒருசேர எண்ணும்போது, எரிவும் தணிவும் இந்நில மக்களின் நோய்ச்சிந்தனையில் பெற்ற இடம் விளங்கும்.

இப்பிரிவினையின் குறை நடைமுறையில் வெளிப்படுகிறது. அக்கி கண்ட முதியவர் வீட்டில் எவரும் வேப்பிலை செருகுவதில்லை. பேரப்பிள்ளை அவர் மடியில் அமர்வதைத் தடுப்பதும் இல்லை. ஆனால் அக்கிக் கொப்புளத்து நீரிலிருந்து, முன்பு சின்னம்மை காணாத ஒருவருக்குச் சின்னம்மை தொற்றக்கூடும். முதியவரின் உடலில் உறங்கிய அம்மையே மீண்டெழுந்து குழந்தைக்கோ கருவுற்ற மருமகளுக்கோ செல்கிறது. ‘குழந்தை நோய்’ என்னும் வகைப்பாடும் இதனை மறைக்கிறது. குழந்தையிடமிருந்து பெரியவருக்கு வருவதாகவே அது நோயைக் கற்பிக்கிறது. இவ்விடத்தில் இரு மரபுகளும் ஒருசேரத் தவறுகின்றன.

இரு பார்வைகளின் மதிப்பீடு

உறவுவழிப் பார்வையின் நன்மைகள் வெளிப்படையானவை. வாயிலில் செருகிய வேப்பிலை, வீட்டில் தொற்றுநோய் உண்டு என்பதை எழுத்தறியாதவர்க்கும் அறிவிக்கிறது. நோயாளி வெளியே செல்வதும் பிறர் உள்ளே வருவதும் குறைகின்றன. கொப்புளங்கள் உலர்ந்தபின் ஒற்றைப்படை நாள்களில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது ஓய்வுக்காலத்திற்கு ஓர் எல்லை வகுக்கிறது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களை ஒட்டியே சின்னம்மை மிகும் பருவம் தொடங்குகிறது. கூலியை இழக்க அஞ்சும் உழவுத் தொழிலாளி, காய்ச்சலோடும் களத்துமேட்டிற்குச் செல்லக்கூடியவர். ‘அம்மை’ என்னும் ஒரு சொல் அவரை வீட்டில் இருத்துகிறது. எளிய காய்ச்சலுக்குக் கிடைக்காத ஓய்வு அம்மைக்குக் கிடைப்பது இச்சொல்லின் ஆற்றலால்தான்.

குறைகளும் உண்டு. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடுவதால், வேப்பிலை செருகுவதற்குள் நோய் சிலரை அடைந்திருக்கும். இது வழக்கின் பிழையன்று. கண்ணுக்குப் புலப்படாத காலத்தை எந்தச் சடங்காலும் குறிக்க இயலாது. ஆனால் நோயின் கடுமையைத் தாயின் விளையாட்டாகவோ சினமாகவோ மட்டும் விளக்குவது வளர்ந்தோருக்குப் பெருந்தீங்காகிறது. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குச் சின்னம்மையால் நுரையீரல் அழற்சி ஏற்படும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் பல மடங்கு மிகுதி. கருவுற்றவர்க்கு இவ்விடர் இன்னும் கூடுதல். மகப்பேற்றை ஒட்டிய சில நாள்களில் தாய்க்கு நோய் கண்டால் பச்சிளங்குழந்தையின் உயிருக்கும் இடர் நேரும். நுண்ணுயிரியைக் கட்டுப்படுத்தும் அசைக்ளோவிர் மருந்து, கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கூடாது எனக் காத்திருப்பது அம்முதல் நாளைக் கைநழுவச் செய்கிறது. மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் தாயின் விளையாட்டாகா. அவை உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்.

‘குழந்தை நோய்’ என்னும் வகைப்பாடு இத்தீங்கை நீக்குவதற்கு மாறாக வேறொரு வழியில் மிகுவிக்கிறது. குழந்தைக்கு வருவது எளிய நோய்; எளிய நோய்க்குப் பெரியவர் அஞ்சுவது தகாது என்னும் எண்ணத்தை அது ஊட்டுகிறது. ‘இந்த வயதிலா?’ என்னும் வினாவில் வியப்போடு மெல்லிய ஏளனமும் கலந்துள்ளது. அதற்கு நாணி நோயை மறைப்பவர் இருபுறமும் இழக்கிறார்: மரபு தரும் ஓய்வும் அவருக்கு இல்லை, மருத்துவம் தரும் காப்பும் இல்லை. தடுப்பூசி பற்றிய எண்ணத்திலும் இவ்வகைப்பாடு குறுக்கிடுகிறது. மிச்சியாகி தகஹாஷி 1970-களில் ஜப்பானில் உருவாக்கிய சின்னம்மைத் தடுப்பூசி, இந்திய அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே விரும்புவோர் பணம் செலுத்தியே பெறவேண்டியுள்ளது. அத்தடுப்பூசி நோய் காணாத வளர்ந்தோருக்கும் உரியது என்னும் செய்தி, ‘குழந்தைகளுக்கான தடுப்பூசி’ என்னும் தலைப்பின்கீழ் மறைந்துபோகிறது.

நோயாளியின் வயதை வினவுவதைக் காட்டிலும் பயனுள்ள வினா ஒன்று படுகை வழக்கிலேயே உள்ளது. அம்மை வீட்டில் பணிவிடை செய்ய வருபவரிடம் ‘உனக்கு முன்னே போட்டிருக்கிறதா?’ என்று முதியோர் கேட்பர். முன்பே அம்மை கண்டவரே நோயாளியின் அருகிருக்கத் தக்கவர் என்பது இவ்வினாவின் உட்பொருள். ஃபாரோ தீவுகளில் பானும் முதியவர்களிடம் கண்டறிந்த உண்மையும் இதுவே. மருத்துவர் கேட்கவேண்டியதும் தடுப்பூசி பற்றி முடிவெடுக்க வேண்டியவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இவ்வினாவே. தமிழில் நலவாழ்வு எழுதுவோர் ‘குழந்தை நோய்’ என்னும் தலைப்பைக் கைவிட்டு, ‘ஒருமுறை காணும் நோய்கள்’ என்றோ ‘அம்மை வகை நோய்கள்’ என்றோ எழுதுவது இவ்வழக்கறிவோடு பொருந்தும். அதனுடன் அக்கிக்கும் சின்னம்மைக்கும் உள்ள தொடர்பையும் ஒரே இடத்தில் கூறுதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

‘குழந்தை நோய்’ என்பது நோயின் இயல்பைச் சுட்டாமல், குறிப்பிட்ட நிலப்பகுதியில் நோய் வந்துசெல்லும் கணக்கையே சுட்டுகிறது. சின்னம்மையைப் பொறுத்தவரை அக்கணக்குத் தமிழ் நிலத்திற்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

தமிழ் வழக்கு அம்மை கண்டவரை வயது நோக்காது பிள்ளையாகக் கொள்கிறது. நோய்ப்பெயர், பத்தியம், தாலாட்டு ஆகிய மூன்றும் இவ்வுறவை நிலைநிறுத்துகின்றன. இதனால் வளர்ந்த நோயாளி ஓய்வும் பணிவிடையும் மதிப்பும் பெறுகிறார்.

‘என் சரித்திரம்’ காட்டும் அனுபவம், வளர்ந்தபின் வரும் அம்மை நினைவோடு கூடிய வடுவாக நிலைப்பதையும், அது ஒருவரைக் கல்வியிலிருந்தும் பணியிலிருந்தும் பிரித்து வீட்டிற்குத் திருப்புவதையும் உணர்த்துகிறது.

உறவுவழிப் பார்வை மருத்துவத்தைத் தாமதப்படுத்தும்போதும், வயதுவழிப் பார்வை நோயை எளிதாக்கிக் காட்டும்போதும் தீங்கு வளர்ந்தோருக்கே நேர்கிறது. வாயிலில் வேப்பிலை செருகும் அதே நாளில் நோயாளியை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்து மருந்து தொடங்குவதற்கு மரபில் தடையேதுமில்லை. தாயாகக் கருதப்படும் தெய்வமே பத்தியம் காக்கும் நாட்டில், பிள்ளை மருந்துண்பதை வழிபாட்டிற்கு மாறானதாகக் கொள்ள வேண்டியதில்லை.